துக்கம் கேட்க வராத ஊர்

எண்ணூறு மீட்டர் பந்தயத்தில் இரண்டு சுற்று. ஆனால் வலி இருப்பது ஒரே ஓர் இடத்தில்தான் என்பது அதை ஓடியவர்களுக்குத் தெரியும். முதல் இருநூறு மீட்டர் துப்பாக்கிச் சத்தம் தந்த பதற்றத்திலேயே போய்விடும். இரண்டாவது இருநூறில் மூச்சு ஒரு கணக்குக்கு வரும். மணி அடித்த பிறகு வருகிற மூன்றாவது இருநூறுதான் ஆளைச் சோதிக்கும். தொடை கனக்கும், தோள் மேலேறும், தாடை இறுகும். 'கால் கட்டிக்கிச்சு' என்று நாங்கள் சொல்வது அந்த இடத்தைத்தான். கடைசி இருநூறில் முடிவுக்கோடு கண்ணில் பட்டுவிடும். உடம்பு எப்படியாவது இழுத்துக்கொண்டு போய்ச் சேர்த்துவிடும். மூன்றாவது இருநூறில் அந்த ஆறுதலும் கிடையாது. புதுத்தெம்பும் இல்லை, கோடும் தெரியாது. அரை நிமிடத்துக்குச் சற்றுக் கூடுதலான நேரம், நாம் மட்டும்தான்.

எனக்கு ஏக்கம் அந்த அரை நிமிடத்தின் மேல். மெடல்களின் மேல் இல்லை. அவை பீரோவின் மேல்தட்டில் இருக்கின்றன. வேண்டும்போது எடுத்துப் பார்த்துக்கொள்ளலாம். அந்த அரை நிமிடத்தை எந்தத் தட்டிலும் எடுத்துவைக்க முடியவில்லை.

நான் ஓடிய காலத்தில் மதுரை ரேஸ்கோர்ஸ் மைதானத்தில் செயற்கை ஓடுதளம் வந்திருக்கவில்லை. எம்.ஜி.ஆர். விளையாட்டரங்கம் என்று பலகை சொல்லும். பஸ் கண்டக்டர் ரேஸ்கோர்ஸ் என்றுதான் சொல்வார். மண் டிராக். போட்டிக்கு முந்தின நாள் தண்ணீர் தெளித்து, உருளை ஓட்டி, கயிறு பிடித்துச் சுண்ணாம்புக் கோடு போடுவார்கள். விடிவதற்கு முன்னால் போய் நின்றால் ஈர மண்ணும் சுண்ணாம்பும் கலந்த ஒரு வாசம் வரும். உள் லேன் எல்லோரும் ஓடி ஓடிப் பொடிந்து கிடக்கும். வெளி லேன் இறுகி இருக்கும். முதல் வளைவு முடியும்வரை அவரவர் லேனில் ஓட வேண்டும். அங்கே குறுக்கே ஒரு வளைந்த கோடு. அதைத் தாண்டிய பிறகே உள்ளே இறங்கலாம். 1986 சியோல் ஆசிய விளையாட்டுப் போட்டியில் ஷைனி ஆபிரகாம் முன்னால் ஓடிக்கொண்டிருந்தும், அந்தக் கோட்டுக்கு முன்பே உள்ளே இறங்கிவிட்டதால் தங்கம் கைநழுவியது. ஒவ்வொரு ஜோனல் போட்டிக்கு முந்தின நாளும் எங்கள் மாஸ்டர் இதைச் சொல்லாமல் விடமாட்டார்.

மாஸ்டர் அதிகம் பேசாதவர். பேசினால் கணக்குத்தான் பேசுவார். "ஏம்மா, கையில இருக்குற காசை மொத ரவுண்டுலயே செலவழிச்சிட்டா, ரெண்டாவது ரவுண்டுக்கு எதை வச்சு வாங்குவ?" என்பார். வளைவில் ஸ்டாப்வாட்சுடன் நின்று, நாங்கள் கடக்கும்போது விநாடியைக் கத்துவார். நல்லா ஓடுறே என்றோ, மோசம் என்றோ ஒரு சொல் கிடையாது, எண் மட்டும். அந்த எண்ணைக் கேட்டதும் உடம்பு தானே முடிவெடுக்கும். பிற்பாடு என் வாழ்க்கையில் எத்தனையோ பேர் எத்தனையோ கத்தியிருக்கிறார்கள். அவ்வளவு சுத்தமாக, என்னைப் பற்றிய உண்மையை மட்டும் கத்தியவர் வேறொருவர் இல்லை.

எங்கள் ஊர் கருப்பாயூரணி தாண்டி, சிவகங்கை ரோட்டிலிருந்து உள்ளே போக வேண்டும். கண்மாய்ப் பாசனத்து ஊர். மழை பெய்தால் நெல், பெய்யாவிட்டால் சீமைக்கருவேலம். ரேஸ்கோர்ஸுக்குப் போகாத நாட்களில் கண்மாய்க் கரைதான் என் டிராக். மேற்கே பார்த்து ஓடும்போது, முதுகுக்குப் பின்னால் வெயில் எழுந்து, எதிரே யானைமலையின் பாறையில் முதலில் விழும். மலை சாம்பல் நிறத்திலிருந்து செம்மைக்கு மாறுவதை வைத்தே எத்தனை நேரம் ஓடியிருக்கிறேன் என்று சொல்லிவிடுவேன். ஐப்பசி, கார்த்திகையில் கரை சேறாகிவிடும். தார் ரோட்டுக்குப் போவோம். பங்குனி வந்தால் வைகை மணல். ஆற்றில் தண்ணீர் ஓடியதைவிட நாங்கள் ஓடியதுதான் அதிகம் என்று பையன்கள் கேலி பேசுவார்கள். மணலில் ஓடினால் பாதம் புதையும், கெண்டைக்கால் எரியும்; பிறகு மண் டிராக்கில் இறங்கினால் உடம்பில் எடையே இல்லாதது தெரியும். சித்திரையில் அழகர் தல்லாகுளம் வந்துவிட்டால் அந்தப் பக்கம் கால் வைக்க இடமிருக்காது. மாஸ்டர் லீவு விடுவார். திருவிழாக் கூட்டத்தில் நின்றுகொண்டே, இன்றைய ஓட்டம் போச்சே என்று நினைத்த ஒரே பைத்தியம் நானாகத்தான் இருப்பேன்.

பயிற்சி முடிந்து வரும் வழியில் தள்ளுவண்டியில் பருத்திப்பால். சுக்கும் ஏலமும் கருப்பட்டியும் போட்டு, மேலே தேங்காய்த் துருவலோடு. டம்ளரை இரண்டு கையாலும் பிடித்துக் குடிக்கும்போது வியர்வை முதுகில் காய்ந்துகொண்டிருக்கும். வண்டிக்கார அம்மா, "இன்னைக்கு எத்தனை ரவுண்டுத்தா?" என்று கேட்பார். ஊரில் அப்படிக் கேட்ட ஒரே ஆள் அவர்தான்.

மற்றவர்கள் கேட்டது வேறு. "பொம்பளப் புள்ள இம்புட்டுத் தூரம் ஓடலாமா? வயித்துக்கு ஆகுமா?" பட்டிக்காட்டுப் பேச்சு என்று அப்போது எரிச்சலாக வரும். பிறகு தெரிந்துகொண்டேன், ஐரோப்பாவே அதைத்தான் கேட்டிருக்கிறது. 1928 ஆம்ஸ்டர்டாம் ஒலிம்பிக்கில் பெண்களுக்கு முதன்முதலாக 800 மீட்டர் வைத்தார்கள். ஜெர்மனியின் லினா ராட்கே 2 நிமிடம் 16.8 விநாடியில் ஜெயித்தார். ஓடி முடித்த பெண்கள் களைத்துத் தரையில் சாய்ந்ததைப் பார்த்துவிட்டு, பெண் உடம்பு இதைத் தாங்காது என்று பத்திரிகைகள் ஊதிப் பெருக்கின. விளைவு, 1960 ரோம் வரைக்கும் ஒலிம்பிக்கில் பெண்களுக்கு எண்ணூறு கிடையாது. முப்பத்திரண்டு வருஷம். ஓடி முடித்த ஆண்களும்தான் விழுகிறார்கள். அவர்கள் விழுந்தால் அதற்குப் பெயர் வீரம்.

ஆனாலும் ஓட்டம் எனக்கு ஒன்றை வாங்கிக் கொடுத்திருந்தது. விடியாத இருட்டில், தனியாக, வேகமாக, ஊரைத் தாண்டிப் போகும் உரிமை. வேறு எந்தப் பெண்ணுக்கும் அது இல்லை. 'ஓட்டக்காரப் புள்ள' என்று ஒரு பெயர் விழுந்துவிட்டால், எங்கே போகிறாய் என்று யாரும் கேட்பதில்லை. அந்தப் பெயருக்குள் நான் பத்திரமாக இருந்தேன். காயம் பட்டபோது நான் இழந்தது காலை மட்டும் என்று எல்லோரும் நினைத்தார்கள். அந்த விடியற்காலையும், கண்மாய்க் கரையும், யானைமலையும் சேர்ந்தே போயின.

ஜோனலில் ஜெயித்து, மாவட்டம் போய், டிவிஷன் போய், குடியரசு தின விளையாட்டுப் போட்டியில் மாநில அளவுக்கு ஓடினேன். அந்த ஓட்டம் கல்லூரியில் இடம் வாங்கித் தந்தது. விடுதிச் சோறு, முட்டை, ஊறவைத்த கொண்டைக்கடலை. காலையும் மாலையும் பயிற்சி. நேரம் குறையக் குறைய, தூரத்தைக் கூட்டிக்கொண்டே போனேன். யாரும் சொல்லிக் கூட்டவில்லை, எனக்கே அடங்கவில்லை.

முதலில் முழங்காலுக்குக் கீழே, எலும்பின் உள்பக்கம், ஒரு விரல் அகலத்தில் வலி. 'ஷின் பெயின்' என்றார்கள். ஓடுகிற பாதிப்பேருக்கு அது இருக்கும். தைலம் தேய்த்து, கிரேப் பேண்டேஜ் சுற்றிக்கொண்டு ஓடுவதுதான் வழக்கம். ஓட ஆரம்பித்தால் வலிக்கும், உடம்பு சூடானதும் மறையும், முடித்ததும் திரும்ப வரும். பிறகு மறையாமல் ஓட்டம் முழுக்கக் கூடவே வந்தது. அதற்கும் பிறகு படுத்திருக்கும்போதும் வலித்தது. எக்ஸ்ரே எடுத்தால் ஒன்றும் தெரியவில்லை. ஒன்றுமில்லை என்று சொன்னதும் மறுநாளே ஓடினேன். இந்த வகை விரிசல் ஆரம்பத்தில் எக்ஸ்ரேயில் பெரும்பாலும் தெரியாது என்பதும், ஆறத் தொடங்கிய பிறகு சில வாரம் கழித்துத்தான் அங்கே கோடு விழும் என்பதும் எனக்கு அப்போது தெரியாது.

எலும்பு உயிருள்ள பொருள். அடி விழ விழ, பழைய பகுதியைக் கரைத்துவிட்டுப் புதிதாகக் கட்டிக்கொண்டே இருக்கிறது. கரைப்பது முதலில் நடக்கும், கட்டுவது பின்னால் வரும். இரண்டுக்கும் நடுவே அவகாசம் கொடுத்தால் எலும்பு முன்னைவிட உறுதியாகும். கொடுக்காமல் மேலும் மேலும் அடித்தால், கட்டி முடிக்காத இடத்தில் விரிசல் விழும். இறுகிய தரை, தேய்ந்த ஷூ, போதாத சோறு மூன்றும் சேர்ந்தால் கேட்கவே வேண்டாம்.

இன்னொன்றும் இருந்தது. எனக்கு மாதவிலக்கு நின்றுபோய் வெகுநாளாகியிருந்தது. அது ஒரு வரம் என்றே விடுதிப் பெண்கள் நாங்கள் நினைத்தோம். வயிற்றுவலி இல்லை, போட்டி நாளில் தொந்தரவு இல்லை, 'நல்ல ஃபார்ம்ல இருக்கே' என்று ஒருத்திக்கொருத்தி சொல்லிக்கொள்வோம். ஓடுவதற்குச் செலவாகும் சக்திக்கு ஈடாகச் சாப்பிடாதபோது உடம்பு முதலில் நிறுத்துவது அதைத்தான். அது நின்றால் எலும்பைக் காக்கும் ஹார்மோனும் குறையும். சாப்பாடு, மாதவிலக்கு, எலும்பு மூன்றும் ஒன்றையொன்று இழுக்கும் என்று விளையாட்டு மருத்துவம் அதற்கு முன்பே எழுதிவைத்திருந்தது. சர்வதேச ஒலிம்பிக் குழு 2014இல் அதை இன்னும் விரித்து, ஆண்களுக்கும் இது பொருந்தும் என்று அறிக்கை வெளியிட்டது. எங்கள் விடுதிக்கு அந்தச் செய்தி வந்து சேரவில்லை. ஆண் பயிற்சியாளர்களிடம் இதைப் பேச எங்களுக்கும் வாய் வரவில்லை, கேட்க அவர்களுக்கும் வாய் வரவில்லை.

ஒரு பயிற்சி ஓட்டத்தில் விரிசல் முறிவாகிவிட்டது. நாட்டு வைத்தியரின் மாவுக்கட்டு, பிறகு ஆஸ்பத்திரிக் கட்டு. எலும்பு கூடியது, சற்றே கோணலாக. நடக்கலாம், வேலை செய்யலாம், குழந்தை பெறலாம் என்றார்கள். நான் கேட்டது அதுவல்ல.

எங்கள் பக்கத்தில் ஒரு வீட்டில் சாவு விழுந்தால் ஊரே வரும். பேசாத பங்காளியும் வந்து கைகொடுத்துவிட்டுப் போவார். துக்கம் கேட்காமல் விட்டால் அது தலைமுறைக்கும் பகையாகும். மூன்றாம் நாள், பதினாறாம் நாள் என்று துக்கத்துக்கும் ஒரு கணக்கு உண்டு. எத்தனை நாள் அழலாம், என்றைக்குத் தலைமுழுகி எழ வேண்டும் என்பதை ஊர் சொல்லிவிடும். மாடு செத்தால்கூட நாலு பேர் வந்து விசாரிப்பார்கள். ஓட்டக்காரப் புள்ள செத்துப்போனதற்கு மட்டும் ஒருவரும் வரவில்லை. வந்தவர்கள் எல்லோரும் காலைத்தான் பார்க்க வந்தார்கள். "நடக்குறால்ல, அது போதும்." "எல்லாம் நல்லதுக்குத்தான், இனி வீடு தங்குவா." "கட்டு பிரிச்சதும் மாப்பிள்ளை பார்க்கலாம்." அப்பத்தா மட்டும் என் ஷூவைக் கழுவி, வெயிலில் காயவைத்து, பழைய வேட்டித் துணியில் சுற்றிப் பரண்மேல் வைத்தாள். ஒரு வார்த்தை பேசவில்லை. இப்போது நினைத்தால் அவள் ஒருத்திக்குத்தான் நடந்தது என்னவென்று தெரிந்திருக்கிறது.

அழவேண்டிய காலத்தில் அழாதது பிறகு வேறு வேஷத்தில் வந்தது. விடியற்காலை நாலரைக்கு விழிப்பு வரும். எழ வேண்டியதில்லை என்பது ஞாபகம் வரும். விட்டத்தைப் பார்த்தபடி கிடப்பேன். சோறு இறங்காது. குளிப்பது பெரிய வேலையாகத் தெரியும். யாராவது சிரித்தால் எதற்குச் சிரிக்கிறார்கள் என்று புரியாது. கோடாங்கி உடுக்கை அடித்து, கண்மாய்க் கரையில் இருட்டில் பயந்த கோளாறு என்று குறி சொன்னார். தாயத்து கட்டினார்கள். ஏர்வாடிக்குக் கொண்டுபோய் வைக்கலாம் என்று ஓர் உறவுக்காரர் சொன்னார். 2001 ஆகஸ்ட் 6 அன்று அங்கே ஒரு காப்பகத்தில் தீப்பிடித்து, சங்கிலியில் கட்டப்பட்டிருந்த 28 மனநோயாளிகள் கருகிப்போன செய்தி அப்போது பழையதாகியிருக்கவில்லை. அப்பத்தா எழுந்து நின்று, "எம் பேத்திய எவனாச்சும் சங்கிலில கட்டுனா நான் மனுசியா இருக்க மாட்டேன்" என்றாள். பேச்சு அதோடு நின்றது. கல்யாணம் நடந்தது. குழந்தை பிறந்தது. நாலரை மணி விழிப்பு மட்டும் நிற்கவில்லை.

2006 டிசம்பர் 9. தோஹா ஆசிய விளையாட்டுப் போட்டியில் பெண்கள் 800 மீட்டரில் புதுக்கோட்டை மாவட்டம் கத்தக்குறிச்சியைச் சேர்ந்த சாந்தி சௌந்தரராஜன் 2 நிமிடம் 3.16 விநாடியில் ஓடி வெள்ளி வாங்கினார். செங்கல் சூளையில் வேலை பார்த்த பெற்றோரின் மகள். முந்தின வருஷம் இஞ்சியோன் ஆசியத் தடகளத்திலும் அவருக்கு வெள்ளி. தொலைக்காட்சியில் அந்த ஓட்டத்தைக் காட்டியபோது பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு பார்த்தேன். மணி அடித்த பிறகு அவர் தோள் மேலே ஏறவே இல்லை. என் கால் தானாகத் தரையில் தாளம் போட்டது. வெகுகாலத்துக்குப் பிறகு எனக்கு ஒன்று பிடித்திருந்தது.

சில நாள்தான். பாலினச் சோதனையில் தேறவில்லை என்று சொல்லிப் பதக்கத்தைப் பறித்தார்கள். எல்லோருக்கும் கட்டாயச் சோதனை செய்யும் வழக்கத்தைச் சர்வதேசத் தடகள அமைப்பும் ஒலிம்பிக் குழுவும் 1990களிலேயே கைவிட்டிருந்தன. சந்தேகப்பட்டால் சோதிக்கலாம் என்ற ஓட்டை மட்டும் பாக்கி இருந்தது. அந்த ஓட்டை வழியாக ஒரு பெண்ணின் உடம்பை உலகமே எட்டிப் பார்த்தது. முதலமைச்சர் கருணாநிதி, பதக்கம் போனாலும் பரவாயில்லை என்று 15 லட்சம் ரூபாயும் ஒரு தொலைக்காட்சிப் பெட்டியும் கொடுத்தார். சாந்தி அந்தப் பணத்தில் ஏழைப் பிள்ளைகளுக்கு ஓட்டம் கற்றுக்கொடுத்தார். ஆனால் ஊர்வாய் சும்மா இருக்கவில்லை. 2007 செப்டம்பரில் அவர் உயிரை விட முயன்றார் என்று செய்தி வந்தது.

அந்தச் செய்தியை நான் நின்றபடி படித்தேன். படித்து முடித்ததும் உட்கார வேண்டியிருந்தது. வெள்ளி வாங்கியவருக்கே இதுதான் கதி என்று எனக்குத் தோன்றவில்லை. அவர் வீட்டுக்கும் யாரும் சரியான துக்கம் கேட்கப் போயிருக்க மாட்டார்கள் என்றுதான் தோன்றியது. பதக்கத்தைப் பற்றிக் கேட்டிருப்பார்கள், உடம்பைப் பற்றிக் கேட்டிருப்பார்கள். இனிமேல் ஓட முடியாதே, அது எப்படியிருக்கிறது என்று யார் கேட்டிருப்பார்கள்? மறுவாரம் வீட்டுக்காரரிடம் நானே சொன்னேன், என்னை டாக்டரிடம் கூட்டிப்போங்கள் என்று.

மனநல மருத்துவர் மாத்திரை எழுதினார். பலன் தெரிய இரண்டு மூன்று வாரமாவது ஆகும், அதுவரை விடாமல் சாப்பிடவேண்டும் என்றார். பிறகு, "என்ன போட்டி ஓடுவீங்க?" என்று கேட்டார். சொன்னேன். "ஓடுறப்ப எப்படி இருக்கும்?" என்றார். சொல்ல ஆரம்பித்தேன். முதல் இருநூறு, இரண்டாவது இருநூறு... மூன்றாவதில் பேச்சு நின்று, அழுகை வந்தது. செத்த வீட்டில் பெண்கள் அழுகிற அழுகை அது. சத்தம் போட்டு, மார்பு அதிர்ந்து. அவர் நிறுத்தச் சொல்லவில்லை. வெளியே காத்திருந்த என் வீட்டுக்காரர் பயந்து கதவைத் திறந்துவிட்டார். ஐந்து வருஷம் தாமதமாக அன்றைக்குத்தான் எனக்குத் துக்கம் கேட்கப்பட்டது.

இந்தக் கதை பெரிய ஓட்டக்காரர்களுக்கும் உண்டு என்று பின்னால் படித்தேன். இங்கிலாந்தின் கெல்லி ஹோம்ஸ், ராணுவத்தில் வேலை பார்த்தவர், 2004 ஏதென்ஸ் ஒலிம்பிக்கில் 800, 1500 இரண்டிலும் தங்கம் வாங்கியபோது வயது 34. அதற்கு முந்தின வருஷம், காயத்துக்கு மேல் காயம் பட்டு, மனம் உடைந்து, தன்னைத்தானே காயப்படுத்திக்கொள்ளும் நிலையில் இருந்திருக்கிறார். கூட இருந்த பலருக்கும் அது தெரியாது. 2005இல் அவரே சொன்ன பிறகுதான் உலகத்துக்குத் தெரிந்தது. கண்ணை அகல விரித்து அவர் கோட்டைத் தாண்டும் படத்தைப் பார்த்தவர்கள், ஜெயித்ததை நம்ப முடியாத வியப்பு என்றுதான் நினைத்தோம். உயிரோடு இருந்த வியப்பும் அதில் சேர்த்தி என்று இப்போது எனக்குப் படுகிறது.

சாந்திக்கும் பிழைப்பு உடனே திரும்பவில்லை. 2012இல் அவர் நாளொன்றுக்கு 200 ரூபாய் கூலிக்குச் செங்கல் சூளையில் வேலை செய்கிறார் என்ற செய்தி வந்து நாடே அதிர்ந்தது. அதன்பிறகு பெங்களூரில் பயிற்சியாளர் படிப்பு, 2016இல் தமிழக அரசில் நிரந்தரப் பயிற்சியாளர் வேலை. அந்த வேலைக்காகப் போராடியவர்களில் மதுரையின் உரிமைச் செயற்பாட்டாளர் கோபி ஷங்கரும் ஒருவர். பதக்கம் மட்டும் இன்றுவரை திரும்பவில்லை.

2019 ஏப்ரல் 22 எனக்கு மறக்காத தேதி. அதே தோஹாவில் நடந்த ஆசியத் தடகளத்தில் திருச்சி முடிகண்டத்தைச் சேர்ந்த கோமதி மாரிமுத்து, முப்பது வயதில், 2 நிமிடம் 2.70 விநாடியில் 800 மீட்டர் தங்கம் வாங்கினார். தகப்பனைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்து, காயத்தோடு போராடி, பயிற்சியாளரையும் இழந்து வந்தவர். அதே நாளில், யானைமலையின் பார்வையில் இருக்கும் உயர் நீதிமன்ற மதுரைக் கிளையில் நீதிபதி ஜி.ஆர்.சுவாமிநாதன் ஒரு தீர்ப்புச் சொன்னார். ஆண், பெண் என்ற இரண்டு கட்டங்களுக்குள் அடங்காத உடலோடு பிறக்கும் குழந்தைகளுக்கு, உடலைத் திருத்துகிறோம் என்று அறுவை சிகிச்சை செய்யக் கூடாது என்றது அது. இரண்டு செய்தியையும் அடுத்தடுத்துப் படித்துவிட்டு நான் நினைத்தது சாந்தியைத்தான். கோமதியின் சந்தோஷமும் நிலைக்கவில்லை. ஊக்கமருந்துச் சோதனையில் சிக்கி, நான்கு வருஷத் தடை, தங்கமும் போனது. தெரிந்து எதையும் எடுக்கவில்லை என்றார் அவர். சரியா தவறா என்பதை விசாரித்தவர்கள் முடிவு செய்தார்கள். முப்பது வயதில் கிடைத்து முப்பத்தொன்றில் பறிபோன ஓட்டத்தை நினைத்து அவர் எத்தனை விடியற்காலை விழித்துக் கிடந்திருப்பார் என்பது எந்த விசாரணையிலும் வராது.

எங்கள் பக்கத்துக்கும் ஒரு நல்ல நாள் வந்தது. சக்கிமங்கலத்து ரேவதி வீரமணி. சின்ன வயதிலேயே தாய் தகப்பனை இழந்து, காட்டுவேலை பார்த்த பாட்டி ஆரம்மாள் வளர்த்த பிள்ளை. ரேஸ்கோர்ஸில் வெறுங்காலோடு ஓடியவளைக் கண்ணன் என்ற பயிற்சியாளர் கண்டுகொண்டு, தயங்கிய பாட்டியைச் சம்மதிக்கவைத்து, லேடி டோக் கல்லூரியில் சேர்த்துவிட்டார். 2021 ஜூலை 30 அன்று டோக்கியோ ஒலிம்பிக்கில் 4x400 கலப்பு ரிலேயில் அனஸ், ரேவதி, சுபா வெங்கடேசன், ஆரோக்கிய ராஜீவ் நால்வரும் ஓடினார்கள். இறுதிக்குப் போகவில்லை. பேட்டனோடு ரேவதி வளைவில் திரும்பியபோது நான் வீட்டில் எண்ணிக்கொண்டிருந்தேன், விநாடியை, வாய்விட்டு. பேத்தியைத் தடுக்காமல் விட்ட இன்னொரு பாட்டியை நினைத்தும் கண் கலங்கியது.

இப்போது ரேஸ்கோர்ஸில் சுண்ணாம்பு வாசம் இல்லை. ரப்பர் டிராக்; மழை பெய்தாலும் ஓடலாம், காலுக்கும் நல்லது. அது வந்ததில் எனக்குக் குறையே இல்லை. மாஸ்டர் காலமாகிவிட்டார். பருத்திப்பால் வண்டி இருந்த இடத்தில் வேறென்னவோ விற்கிறார்கள். நான் மைதானத்தைச் சுற்றி நடக்கிறேன், நடைப்பயிற்சிக்காரர்களோடு. நடக்கும்போது கால் மெல்ல ஓட்டத்துக்குத் தாவப் பார்க்கும்; நாலு எட்டு அனுமதிப்பேன், பிறகு அடக்கிக்கொள்வேன்.

மருத்துவரிடம் போய்வந்ததில் நான் கற்றது ஒன்று. நோய் வேறு, ஏக்கம் வேறு. நோய் எல்லாவற்றையும் மரத்துப்போகச் செய்தது. யானைமலையைப் பார்த்தால்கூட ஒன்றும் தோன்றாத காலம் அது. மாத்திரையும் பேச்சும் சேர்ந்து நோயைத் தீர்த்தன. தீர்ந்த பிறகுதான் ஏக்கமே வந்தது. இன்றைக்கு அந்த மலை சிவப்பதைப் பார்த்தால் நெஞ்சில் ஒரு வலி வருகிறது. அதற்கு மருந்து கேட்கும் எண்ணம் எனக்கில்லை. அது எதையோ நேசித்ததற்கான கூலி. நோயில் இருப்பவர்கள் மட்டும் என்னைப் போல வருஷக்கணக்கில் காத்திருக்க வேண்டாம். 14416 என்ற டெலிமானஸ் மனநல உதவி எண்ணில் எந்த நேரமும் தமிழிலேயே பேசலாம். எங்கள் காலத்தில் கோடாங்கியின் வீடு மட்டும்தான் எல்லோருக்கும் தெரிந்த முகவரி.

பக்கத்துப் பள்ளிக்கூடத்தில் ஓடுகிற பெண் பிள்ளைகளிடம் அவ்வப்போது பேசப் போவேன். இரண்டு கேள்விதான் கேட்பேன். மாதாமாதம் சரியாக வருதா? கீழ்க்கால் எலும்பை விரலால் அழுத்தினால் ஒரே இடத்தில் வலிக்குதா? முதல் கேள்விக்கு இல்லை என்றாலோ இரண்டாவதற்கு ஆமாம் என்றாலோ, ஓட்டத்தை நிறுத்தி டாக்டரைப் பார் என்பேன். ஓடுவதை விட்டுவிட்ட பிள்ளை யாராவது இருந்தால், அவள் வீடு தேடிப் போவேன். கல்யாணத்தால் விட்டவள், காசில்லாமல் விட்டவள், முட்டி போனதால் விட்டவள். திண்ணையில் உட்கார்ந்து ஆறுதல் எல்லாம் சொல்வதில்லை. என்ன ஈவென்ட்டு, எந்த மைதானம், டைமிங் என்ன என்று கேட்பேன். டைமிங்கைக் கேட்டதும் முகம் மாறும். புள்ளிக்குப் பின்னால் இருப்பதைக்கூட மறக்காமல் சொல்வார்கள். வருஷக்கணக்கில் யாராவது கேட்பார்கள் என்று வைத்துக் காத்திருந்த எண் அது.

உங்கள் தெருவிலும் ஒருத்தி இருப்பாள், ஒருவன் இருப்பான். ஒருகாலத்தில் நல்லா ஓடுவா என்று இறந்தகாலத்தில் பேசப்படுகிற ஆள். ஒருமுறை போய்க் கேட்டுவிட்டு வாருங்கள். என்னிடம் ஊரில் யாரும் கேட்டதில்லை என்பதால் நானே சொல்லிவிடுகிறேன். ரேஸ்கோர்ஸ் மண் டிராக், ஹேண்ட் டைமிங், இரண்டு நிமிடம் பதினான்கு புள்ளி ஆறு.